உயிர்பெறாத மேசைக் கணினி: எந்தப் படியில் நின்றது?

மேசைக் கணினி உயிர்பெறுவது ஒரே நொடியில் நடக்கும் ஒரே காரியம் அல்ல. சுவர் பிளக்கில் தொடங்கி விண்டோஸ் முகப்புத் திரை வரை ஏழெட்டுப் படிகள் இருக்கின்றன. ஒரு படி ஒழுங்காக முடிந்தது என்ற அறிகுறி கிடைத்தால்தான் அடுத்த படி தொடங்கும். "சிபியு ஆன் ஆகவில்லை" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் அடக்கம். ஒரு கணினியில் எந்த விளக்கும் எரியாது. இன்னொன்றில் விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். மூன்றாவதில் விசிறி சீராக ஓடும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். நான்காவதில் திரையில் எழுத்து வரும், விண்டோஸ் வராது. நான்குக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஆகவே எந்தப் பாகம் போயிற்று என்று கேட்பதற்கு முன்னால், எந்தப் படி வரை வந்தது என்று கேட்க வேண்டும். கைதேர்ந்த பழுதுபார்ப்பவரையும் கைக்கு அகப்பட்டதை மாற்றிப் பார்ப்பவரையும் பிரிப்பது பெரும்பாலும் இந்தக் கேள்விதான்.

நவி மும்பையின் நெருளில் இந்தக் கோளாறுக்கு ஒரு பருவமே உண்டு. மே மாதம் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் குடும்பம் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போகிறது. ஜூன் நடுவில் திரும்பும்போது மழை தொடங்கியிருக்கிறது. போகும்போது நன்றாக ஓடிய கணினி வந்தபோது எழுவதில்லை. யாரும் தொடாத இயந்திரம் எப்படிக் கெடும் என்று வீட்டில் எல்லோருக்கும் வியப்பு. தொடாமல் இருந்ததுதான் காரணம் என்பதைப் படிகளை வரிசையாகப் பார்த்தால் விளங்கிக்கொள்ளலாம்.

முதல் படி சுவரில் இருக்கிறது. நெருளுக்கு மின்சாரம் தருவது மகாவிதரண். வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம். கணினியின் பின்புறம் உள்ள எஸ்எம்பிஎஸ் பெட்டி அதை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, ஏறக்குறைய 325 வோல்ட்டில் ஒரு தடித்த மின்தேக்கியில் நிரப்புகிறது. அங்கிருந்து நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி, சிறிய மின்மாற்றி ஒன்றின் வழியாக 12, 5, 3.3 வோல்ட்டுகளாக இறக்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கலாம். கணினிக்குள் மற்ற எந்தப் பாகத்தையும் வீட்டிலேயே கழற்றலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியின் மூடியைத் திறக்கும் நான்கு திருகுகளை மட்டும் தொடக் கூடாது.

பின்புற ஸ்விட்சைப் போட்டவுடனே, பவர் பொத்தானைத் தொடாத நிலையிலும், ஊதா நிறக் கம்பி ஒன்றில் 5 வோல்ட் வந்துவிடுகிறது. இதற்குக் காத்திருப்பு மின்சாரம் என்று பெயர். அணைந்த கணினி உண்மையில் முழுதாக அணைவதில்லை. பொத்தானை யாராவது அழுத்துகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும் சிறு சுற்று ஒன்று இந்த 5 வோல்ட்டில்தான் விழித்திருக்கிறது. பல மதர்போர்டுகளில் இதைக் காட்ட ஒரு சிறு விளக்கு உண்டு. அது இல்லாவிட்டால் மவுசைத் திருப்பிப் பார்க்கலாம். கணினி அணைந்திருக்கும்போதும் அடியில் சிவப்பு ஒளி தெரிந்தால் காத்திருப்பு மின்சாரம் வருகிறது என்று பொருள். அதாவது சுவர், வயர், எஸ்எம்பிஎஸ்ஸின் முதல் பாதி ஆகிய மூன்றும் நலம். எந்த ஒளியும் இல்லையென்றால் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் மதர்போர்டுக்கு வெளியேதான்: தளர்ந்த பவர் கார்டு, எக்ஸ்டென்ஷன் பெட்டியின் ஃபியூஸ், வீடு துடைக்கும்போது தட்டுப்பட்டு அணைந்த பின்புற ஸ்விட்ச். யுபிஎஸ்ஸும் சந்தேகப் பட்டியலில் சேரும். அதன் ஈய-அமில பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். விளக்கை எரிய வைத்துவிட்டு, கணினி சுமையேற்றியதும் படுத்துவிடும். அதை விலக்கிச் சுவரில் நேராகச் செருகிப் பார்ப்பது அரை நிமிட வேலை.

இந்த இடத்தில் எர்த் பற்றியும் ஒரு சொல். கேபினட்டின் உலோகத்தைத் தொட்டால் விரலில் சுர்ரென்று உறைக்கிறது என்றால், அது கணினியின் குறை அல்ல. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் இரண்டு, லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு இணைக்கப்பட்டிருக்கும். சுவர் சாக்கெட்டில் எர்த் இல்லாவிட்டால் அந்த மின்தேக்கிகளின் நடுப்புள்ளியான கேபினட், மின்னழுத்தத்தில் பாதியில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் அந்த நிலையில் மானிட்டர் கேபிளையோ யுஎஸ்பி கருவியையோ செருகினால் போர்டில் ஏதாவது ஒரு சிப் போகக்கூடும். பழைய கட்டடங்களில் இது அதிகம். முதலில் கூப்பிட வேண்டியவர் கணினிக்காரர் அல்ல, எலெக்ட்ரீஷியன்.

அடுத்த படி பொத்தான். அதை அழுத்தினால் மின்சாரம் நேராகப் பாயும் என்று நினைப்பது பழைய காலத்து நினைப்பு. இன்டெல் 1995இல் வகுத்த ஏடிஎக்ஸ் தரம் வந்த பிறகு, பொத்தான் மதர்போர்டில் உள்ள இரண்டு ஊசிகளை ஒரு கணம் இணைப்பதோடு சரி. போர்டு அதைக் கவனித்து, பச்சைக் கம்பியை எர்த் மட்டத்துக்கு இழுக்கிறது. எஸ்எம்பிஎஸ் அதைக் கட்டளையாக ஏற்று முழுவீச்சில் இயங்கத் தொடங்குகிறது. பொத்தானின் உள்ளே துருப்பிடித்தால் கணினி செத்ததுபோலவே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ரீசெட் பொத்தானும் அதே வகை ஸ்விட்ச்தான். அதன் வயரைக் கழற்றிப் பவர் ஊசிகளில் மாட்டி ரீசெட்டை அழுத்தினால் கணினி எழுந்துவிடும். பத்து ரூபாய் ஸ்விட்ச் கெட்டதற்கு மதர்போர்டு மாற்றிய வீடுகள் உண்டு.

பச்சைக் கம்பி இழுபட்டதும் 12, 5, 3.3 வோல்ட் தடங்கள் ஏறுகின்றன. இருந்தாலும் செயலி உடனே வேலையைத் தொடங்குவதில்லை. எல்லா மின்னழுத்தங்களும் வரம்புக்குள் நிலைத்துவிட்டன என்று எஸ்எம்பிஎஸ் உறுதி செய்துகொண்டு, 100 முதல் 500 மில்லிநொடிக்குள், சாம்பல் நிறக் கம்பி வழியாக 'பவர் குட்' என்ற குறிப்பை அனுப்புகிறது. மும்பை லோக்கலில் கார்டு இரண்டு மணி அடிக்காமல் மோட்டார்மேன் வண்டியை எடுப்பதில்லை. சாம்பல் கம்பி அந்த மணி. அது வராதவரை மதர்போர்டு செயலியை ரீசெட் நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும். விசிறி ஓடுகிறது, விளக்கு எரிகிறது, வேறொன்றும் நடக்கவில்லை என்றால் இந்த மணி அடிக்காமல் இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

மல்டிமீட்டர் உள்ளவர்கள் இங்கே நிறையத் தெரிந்துகொள்ளலாம். மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு எர்த். அனுமதிக்கப்பட்ட விலகல் 5 விழுக்காடு. அதாவது மஞ்சளில் 11.4க்குக் கீழே போகக் கூடாது, 12.6க்கு மேலே ஏறக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே கழற்றி, பச்சையையும் கறுப்பையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்து விசிறி சுற்றுகிறதா என்று பார்ப்பது மும்பை லேமிங்டன் ரோட்டின் கணினிக் கடைகளில் அன்றாடம் நடக்கும் சோதனை. அதற்கு ஓர் எல்லை உண்டு. சுற்றவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் கெட்டது என்பது அநேகமாக உறுதி. சுற்றினால் நலம் என்று சொல்லிவிட முடியாது. சுமையில்லாமல் 12 வோல்ட் காட்டுகிற பெட்டி, செயலி இழுக்கத் தொடங்கியதும் 10க்குச் சரியலாம்.

விசிறி ஒரு கணம் அசைந்து நின்றுவிடுவது இன்னொரு சேதி. எங்கோ ஷார்ட் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ளப் படுத்துவிட்டது. போர்டுக்கு அடியில் விழுந்த திருகு, வளைந்த யுஎஸ்பி முனை, எரிந்த டிரைவ் என எதுவும் இருக்கலாம். கேபினட்டுக்குள் பல்லியும் கரப்பானும் புகுந்து கருகிக் கிடப்பதும் உண்டு. மின்வெட்டுக்குப் பிறகு மின்சாரம் திரும்பும் தருணத்திலும் இந்தப் பாதுகாப்புப் பூட்டு விழக்கூடும். 2020 அக்டோபர் 12 அன்று காலை மின் தொகுப்பு செயலிழந்து மும்பை, தானே, நவி மும்பை மூன்றும் ஒருசேர இருண்டது பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய நாளில் ஸ்விட்சை அணைத்து வைத்து, மின்சாரம் வந்து சில நிமிடம் கழித்துப் போடுவது நல்லது. பூட்டு விழுந்துவிட்டால் பிளக்கை முழுதாகப் பிடுங்கி, பவர் பொத்தானைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்து, சற்றுப் பொறுத்துச் செருகினால் பல கணினிகள் எழுந்துவிடும். இதில் மாயம் எதுவுமில்லை. எஞ்சிய மின்னேற்றம் வடிந்து, பாதுகாப்புச் சுற்று பழைய நிலைக்குத் திரும்புகிறது.

மின்னழுத்தம் மெல்ல மெல்லச் சரிவதற்கு முதன்மைக் காரணம் மின்பகு மின்தேக்கிகள். உள்ளே உள்ள திரவம் வெப்பத்தில் உலர்கிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. கெட்டவற்றைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம்: தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பியிருக்கும், அல்லது பழுப்பு நிறக் கசிவு தெரியும். 2000-களின் முற்பகுதியில் குறையுள்ள மின்பகு திரவத்தோடு சந்தைக்கு வந்த மின்தேக்கிகள் உலகெங்கும் மதர்போர்டுகளைச் சாய்த்தன. டெல் நிறுவனம் 2005இல் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. பழைய கணினி "முதல் முறை எழாது, நாலைந்து முறை அழுத்தினால் எழும்" என்றால் சந்தேகம் முதலில் இங்கேதான் போக வேண்டும்.

பவர் குட் வந்தாயிற்று, செயலி விடுதலையாகிறது. அது செய்யும் முதல் வேலை மிக எளியது. நான்கு ஜிகாபைட் முகவரி வெளியின் உச்சிக்கு 16 பைட் கீழே உள்ள இடத்திலிருந்து முதல் கட்டளையைப் படிக்கிறது. அந்த முகவரி, போர்டில் உள்ள எட்டுக் கால் சிப் ஒன்றைக் குறிக்கிறது. பயாஸ் அல்லது அதன் வாரிசான யுஇஎஃப்ஐ அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சிப் அழிந்தால் கணினிக்கு முதல் சொல்லே கிடைக்காது. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் என்ற வைரஸ் உலகெங்கும் பல கணினிகளில் இதைத்தான் செய்தது. இன்று பயாஸைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் அதே கதி. போர்டு செத்துவிட்டது என்று கடையில் சொன்னால், பயாஸ் சிப்பை மறுபடி எழுதிப் பார்த்தார்களா என்று கேட்பதில் தவறில்லை. அதற்கான புரோகிராமர் கருவி விலை அதிகமில்லை.

சிப்பில் உள்ள நிரல் முதலில் தன்னைச் சுற்றி இருப்பவற்றைச் சோதிக்கிறது: செயலி, நினைவகம், திரை அட்டை, விசைப்பலகை, வட்டு என்று ஒரு வரிசை. 1981இல் வந்த ஐபிஎம் பிசி இந்தத் தன்சோதனையை ஒவ்வொரு முறையும் தானாகவே செய்துகொண்டு, எல்லாம் சரியென்றால் ஒரு குட்டி பீப் ஒலி எழுப்பியது. அதற்கு வெகு முன்பு அது மனிதர் செய்த வேலை. மும்பையிலேயே அதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாகி 1960இல் முழு இயக்கத்துக்கு வந்த டிஃப்ராக், இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் முழுமையான மின்னணுக் கணினி. சுமார் 2,700 வெற்றிடக் குழாய்களும் 12,500 மின்தடைகளும் கொண்டது. அத்தனை குழாய்களில் ஒன்று சோர்ந்தாலும் கணக்கு பிழைக்கும். வெற்றிடக் குழாய்க் காலத்துக் கணினிகளில் நாளின் வேலை தொடங்கும் முன் சோதனை நிரல்களை ஓட்டிச் சோர்ந்த குழாயைத் தேடிப் பிடிப்பது பொறியாளர்களின் வழக்கமாக இருந்தது. டிஃப்ராக்கை உருவாக்கிய குழுவின் தலைவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். பிற்பாடு அவரே, 1975இல் அரசு தொடங்கிய கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷனின் முதல் தலைவரானார். 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அது விட்டுச்சென்ற கணினிகளைப் பழுதுபார்க்கும் பொறுப்பு அந்த நிறுவனத்தின் தலையில் விழுந்தது. இயந்திரத்தைச் செய்தவர்கள் போய்விட்ட பிறகும் அதை ஓட வைப்பது ஒரு தனிக் கலை என்பதை நாடு அப்போது கற்றுக்கொண்டது. இன்று வெற்றிடக் குழாய்க் காலப் பொறியாளர்களின் சோதனைப் பட்டியல் எட்டுக் கால் சிப்புக்குள் சுருங்கி, பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ஓடுகிறது.

தன்சோதனை ஏன் ஒலியில் பேசுகிறது? திரையை எழுப்புவதற்கு முன்பே நினைவகத்தைச் சோதித்தாக வேண்டும். அந்தக் கட்டத்தில் குறை தெரிந்தால் சொல்வதற்குத் திரை இல்லை. அதனால் பீப். இதற்குப் பொது மொழி கிடையாது. அவார்டு பயாஸில் ஒரு நீள ஒலியும் இரண்டு குறு ஒலிகளும் திரை அட்டைக் குறையைச் சொல்லும். ஏஎம்ஐ பயாஸ் வேறு கணக்கு வைத்திருக்கிறது. மதர்போர்டின் கையேட்டைப் பார்க்காமல் பீப்புக்குப் பொருள் சொல்வது ஆரூடம். பல புதிய போர்டுகளில் ஒலிப்பானே வைப்பதில்லை. சிலவற்றில் அதற்குப் பதில் செயலி, நினைவகம், திரை அட்டை, பூட் என நான்கு குறு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேட வேண்டும். இரண்டும் இல்லாத போர்டுகளுக்குக் கடைக்காரர்கள் டீபக் கார்டு என்ற சிறு அட்டையைச் செருகுவார்கள்; சோதனை எந்தப் படியில் நின்றது என்பதை அது இரண்டு இலக்க எண்ணாகக் காட்டும்.

எளிய சோதனைகளில் மிகச் சிறந்தது எதுவென்றால், நினைவகத்தை, அதாவது ராமை, முழுதாகக் கழற்றிவிட்டு கணினியைப் போடுவது. ஒலிப்பான் உள்ள போர்டு அப்போது உரக்க முறையிட வேண்டும். முறையிட்டால் எஸ்எம்பிஎஸ், செயலி, பயாஸ் சிப், மதர்போர்டின் பெரும்பகுதி ஆகியவை உயிரோடு இருக்கின்றன என்று ஒரே வீச்சில் தெரிந்துவிடுகிறது. ராம் இல்லை என்பதை அறிந்து சொல்ல இவை அனைத்தும் வேண்டும். பிறகு ராமைச் செருகியதும் ஒலி மாறாமல் தொடர்ந்தால் குறை ராமிலோ அதன் ஸ்லாட்டிலோ இருக்கிறது. ராம் இல்லாமலே போர்டு மௌனம் சாதித்தால் செயலிக்கான தனி 12 வோல்ட் இணைப்பு, அதாவது போர்டின் மூலையில் உள்ள நான்கு அல்லது எட்டு ஊசி பிளக், ஒழுங்காக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டாலும் விசிறிகள் ஓடும் என்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

நெருளின் ஜூன் மாதக் கோளாறு பெரும்பாலும் இந்த ஸ்லாட்டில்தான் இருக்கிறது. டிடிஆர்4 ராமில் 288 தொடுமுனைகள். அவற்றில் ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் சோதனை தோற்கலாம். முனைகளின் மேல் உள்ள தங்கப் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிமன் கொண்டது. அதில் நுண்துளைகள் இருக்கும். நெருளின் மேற்கு ஓரத்தில், பாம் பீச் சாலைக்கு அப்பால், அலையாத்திக் காடும் தானே கடற்கழியும். கடற்காற்றோடு வரும் உப்புத் துகள் வீட்டுத் தூசியில் கலந்து போர்டில் படிகிறது. உலர்ந்த உப்பு தீங்கு செய்யாது. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். மும்பையின் மழைமாதங்களில் ஈரப்பதம் 80க்கு மேல் நிற்பது சகஜம். அப்போது தூசிப்படலம் மின்சாரம் கடத்தும் மெல்லிய உப்புநீர்ப் படலமாகிறது. தங்கத்தின் நுண்துளை வழியே அடியில் உள்ள நிக்கலையும் தாமிரத்தையும் அரிக்கிறது. நெருங்கிய ஊசிகளுக்கிடையே மின்கசிவு உண்டாக்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கணினி தன் சூட்டாலேயே இந்த ஈரத்தை விரட்டிவிடும். வாரக்கணக்கில் அணைந்து கிடக்கும் கணினிக்கு அந்தச் சூடு இல்லை. நெருள் வீட்டில் மழைக்காலம் முழுவதும் கணினியை இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது அரை மணி ஓடவிடுவது நல்ல பழக்கம்.

மருந்து எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கி, ராமைக் கழற்ற வேண்டும். (நிலைமின் விஷயத்தில் மும்பை மழைக்காலம் உதவியே செய்கிறது, ஈரக் காற்றில் அது அதிகம் சேராது.) ஸ்லாட்டை மென்தூரிகையால் துடைக்கலாம், வாயால் ஊதக் கூடாது, எச்சில் துளியும் உப்புநீர்தான். பள்ளிப் பிள்ளையின் அழிரப்பரால் தங்க முனையைத் தேய்ப்பது ஊரெங்கும் உள்ள வழக்கம். பலனும் கிடைக்கிறது. ஆனால் சொரசொரப்பான ரப்பர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தங்கத்தையும் சேர்த்து எடுத்துவிடும். அடுத்த மழைக்கு அரிப்பு இன்னும் வேகமாக வரும். மருந்துக்கடையிலோ மின்னணுக் கடையிலோ கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு போதும். பிறகு இரண்டு பக்கக் கொக்கிகளும் சொடுக்கென்று விழும்வரை அழுத்திச் செருக வேண்டும்.

புத்தம் புதிய டிடிஆர்5 கணினிகளில் இங்கே வேறொரு பொறி இருக்கிறது. முதல் முறை போடும்போதோ ராமை மாற்றும்போதோ, நினைவகத்தின் நேர அளவுகளைப் போர்டு தானே பயின்றுகொள்கிறது. அதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். அதுவரை திரை கறுப்புதான். பயந்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. இந்த இடத்தில் காத்திருப்பதும் ஒரு சோதனை.

ஒரு மாதம் அணைந்து கிடந்ததன் இன்னொரு விளைவு சிமாஸ் செல்லில் தெரியும். போர்டில் நாணயம்போல் பதிந்திருக்கும் அந்த சிஆர்2032, 3 வோல்ட் லித்தியம் செல். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் ஒன்றை ஓட்டிக் கணினியின் கடிகாரத்தைக் காப்பதே அதன் வேலை. பிளக் செருகியிருக்கும்வரை காத்திருப்பு மின்சாரமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். செல் சும்மா இருக்கும். சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஊருக்குப் போனால் முழுச் சுமையும் செல்லின்மேல். ஐந்தாறு வருடப் பழைய செல் அப்போதுதான் கைவிடுகிறது. அறிகுறி, தேதி பின்னால் போவது. பழைய போர்டுகளில் பயாஸ் அமைப்புகளும் அழிந்து, வட்டு இயங்கும் முறையோ பூட் வரிசையோ ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். அதனால் நல்ல வட்டிலிருந்தும் விண்டோஸ் எழாது. "பூட் டிவைஸ் இல்லை" என்ற வரியைக் கண்டதும் வட்டு போய்விட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள், திரையில் உள்ள தேதியை ஒரு முறை பார்க்க வேண்டும். சில போர்டுகள் செல் தீர்ந்தால் எழவே மறுக்கும்; மலிவான அந்தச் செல்லைத்தான் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும்.

திரை கறுப்பு என்பதாலேயே கணினி எழவில்லை என்று கொள்ள முடியாது. விசைப்பலகையில் நம்லாக்கை அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியானால் கணினி உள்ளே விழித்திருக்கிறது, காட்டத்தான் வழியில்லை. தனித் திரை அட்டை உள்ள கணினியில் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் முனையில் செருகியிருப்பது மிகச் சாதாரணப் பிழை. இன்டெல் செயலிகளில் பெயரின் இறுதியில் எஃப் என்று முடிபவற்றுக்குத் திரைச் சுற்றே கிடையாது. அத்தகைய கணினியில் திரை அட்டை கெட்டால் மானிட்டரை மதர்போர்டில் மாட்டிச் சோதிக்கவும் முடியாது.

வெள்ளம் புகுந்த கணினி இந்த வரிசையில் சேராது. 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது தரைத்தள வீடுகளில் நனைந்த கணினிகளில், தண்ணீர் வடிந்ததும் ஆவலில் ஸ்விட்சைப் போட்டவற்றுக்குச் சேதம் அதிகம். ஈரத்தோடு மின்சாரம் சேரும்போதுதான் அரிப்பு நிமிடங்களில் நடக்கிறது. நனைந்த போர்டில் முதல் வேலை செல்லைக் கழற்றுவது. அடுத்தது நல்ல தண்ணீரிலும் பிறகு ஆல்கஹாலிலும் கழுவி, நாட்கணக்கில் உலர்த்துவது. நனைந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கழித்துவிட வேண்டும்.

மாற்றிப் பார்க்கும் முறைக்கும் இடம் உண்டு. ஆனால் கடைசியில், ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும். அதற்கு முன் தேவையற்றதையெல்லாம் கழற்றிவிட்டு செயலி, ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் என்று குறைத்துப் பார்க்க வேண்டும். எழுந்தால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும்போது குற்றவாளி தானே அகப்படும். சந்தேகத்துக்குரிய எஸ்எம்பிஎஸ்ஸில் நல்ல போர்டை மாட்டிச் சோதிப்பது மட்டும் ஆபத்து: கெட்டது ஒன்று இரண்டாகும்.

கடைக்குத் தூக்கிப்போகும் முன் வட்டைக் கழற்றி வைத்துக்கொள்வது உத்தமம். எழாத கணினியில் வட்டு பெரும்பாலும் நலமாகவே இருக்கும். யுஎஸ்பி மாற்றி ஒன்றில் மாட்டினால் படங்களும் கோப்புகளும் வேறு கணினியில் திறக்கும். விண்டோஸ் 11 நிறுவிய பல கணினிகளில் இது எளிதல்ல. வட்டு மறையாக்கம் செய்யப்பட்டு, அதன் சாவி மதர்போர்டிலோ செயலியிலோ உள்ள பாதுகாப்புச் சுற்றோடு பிணைந்திருக்கும். போர்டை மாற்றினாலும், சில வேளை பயாஸ் அமைப்புகள் அழிந்தாலும்கூட, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லாமல் வட்டைத் திறக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது. அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றே பார்த்து, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.